பீச் பழத்தின் குளிர்ச் சேதம்: கிடங்கின் குறையா, பருவத்தின் குணமா?

கிடங்குக் கணக்கர்:
சிலியிலிருந்து வட நாடுகளுக்குக் கப்பலேறும் பீச் பழங்கள் வாரக்கணக்கில் குளிரிலேயே இருக்கின்றன. வெளியே எடுக்கும்போது நிறத்திலோ தோலிலோ குறை தெரியாது; இரண்டு மூன்று நாள் வெளியில் வைத்துப் பழுத்தபின் வெட்டினால்தான், கொட்டையைச் சுற்றிச் சதை பழுப்பேறியிருப்பதும், பிழிந்தாலும் சாறு வராமல் மாவாக இருப்பதும் தெரியவரும். இதற்குப் "பருவம் சரியில்லை" என்று சமாதானம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏறத்தாழ 2.2 முதல் 7.6 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலைதான் சேதத்தை விரைவுபடுத்துகிறது என்பதும், 0 டிகிரியை ஒட்டி வைத்தால் அது தள்ளிப்போகும் என்பதும் கலிஃபோர்னிய ஆய்வுகளில் தெளிவானவை. பழத்தின் சதைக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்க்காமல், அறைச் சுவரில் தெரியும் எண்ணை நம்பிவிட்டு வானிலையைக் குறை சொல்வது நியாயமன்று.

தோட்டத்துக்காரர்:
நீங்கள் சொல்லும் வெப்பநிலை வரம்பை நான் மறுக்கவில்லை ஐயா. ஆனால் 0 டிகிரியும் சேதத்தைத் தள்ளிப்போடுகிறதே தவிர, தடுத்துவிடுவதில்லை; எத்தனை நாள் தள்ளிப்போகும் என்பதைப் பழம் தோட்டத்திலிருந்தே கொண்டுவருகிறது. ஒரே மரத்தில், வெயில் படும் வெளிக்கிளைப் பழத்தைவிட நிழலில் விளைந்த உட்கிளைப் பழம் எளிதில் சேதமடைகிறது. இனமும் ஒன்று, கிடங்கும் ஒன்று, வேறுபட்டது வெளிச்சம் மட்டுமே. ஒரு மரத்துக்குள்ளேயே வளர்ந்த சூழல் இவ்வளவு செய்யுமானால், ஆண்டுக்கு ஆண்டு மாறும் வெப்பமும் காய்ப்பும் ஒன்றும் செய்யாது என்று எப்படிச் சொல்வது? பூத்த முதல் 30 நாள் வெப்பமாக இருந்துவிட்டால், அறுவடை முந்திக்கொள்கிறது, பழமும் சிறுத்துவிடுகிறது. அப்படி விளைந்த பழத்துக்கும், குளிரில் இத்தனை நாள் தாங்கும் என்ற சென்ற ஆண்டின் கணக்கையே வைப்பது தவறு.

கிடங்குக் கணக்கர்:
உட்கிளைப் பழத்தைத் தனியே பறித்துத் தரம் பிரிக்கலாமே. அது வேலை ஒழுங்கு பற்றியது. வேரான காரணம் இனத்தில் இருக்கிறது. நெடுநாள் குளிரில், பழச் செல்களின் சுவர்களைப் பிணைத்து வைக்கும் பெக்டின் என்ற பொருளைத் துண்டாக்கும் நொதி மந்தமாகிறது. பெக்டினில் ஒட்டியிருக்கும் மெத்தில் குழுக்கள் என்ற சிறு வேதிப் பகுதிகளை நீக்கும் இன்னொரு நொதியோ தொடர்ந்து வேலை செய்கிறது. பாதி சிதைந்த பெக்டின் களியாகி நீரைப் பிடித்துக்கொள்வதால்தான் சாறு வற்றியதுபோல் தோன்றுகிறது. சதை இளகிப் பழுக்கும் இனங்களில் இது மிகுதி. டப்பாவில் அடைக்கப் பயன்படும், சதை இளகாத இனங்களில் அரிது. இதை மரபணு தீர்மானிக்கிறது, மழையும் வெயிலும் அல்ல.

தோட்டத்துக்காரர்:
இனம் தீர்மானிப்பது சேதம் வரக்கூடுமா என்பதை. எந்த வாரத்தில் வரும் என்பதைத்தான் நான் கேட்கிறேன். வணிகத்தில் அந்த ஒரு வாரம்தான் முழுச் சரக்கின் விலை. ஒரே ஒரு பருவத்துச் சோதனையை வைத்து ஓர் இனத்துக்கு "நான்கு வாரம் தாங்கும்" என்று முத்திரை குத்துவதை நான் எதிர்ப்பது அதனால்தான். ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் மாதிரி எடுத்துக் குளிரில் வைத்து, வாரந்தோறும் சிலவற்றை 20 டிகிரியில் பழுக்கவைத்து வெட்டிப் பார்க்க வேண்டும்.

கிடங்குக் கணக்கர்:
மாதிரி எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பறித்த அன்று பழத்தின் கடினத்தன்மையையும், குளிரூட்டும் வரை கடந்த மணிநேரத்தையும் குறித்து வைக்காமல், இரண்டு ஆண்டுகளின் முடிவுகளை அருகருகே வைத்து வேறுபாட்டுக்குப் பருவமே காரணம் என்று எழுதினால், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.