தவிட்டுப்பழமும் ஊதா நிறக் குழப்பமும்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரி:

எம்.எஸ்சி. கடைசி வருஷ புராஜெக்டுக்கு நான் எடுத்தது தவிட்டுப்பழம். நீலகிரியில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தோட்ட ஓரத்தில் பறித்துத் தின்றுவிட்டு, "நான் எங்கேயும் நிக்கலைம்மா" என்று சொல்லும்போதே நாக்கு காட்டிக்கொடுத்துவிடும், அந்தப் பழம்தான். மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு: கொய்யா, நாவல் குடும்பத்துச் செடி, ரோடோமிர்ட்டஸ் டொமென்டோசா. ரோஸ் நிறப் பூ, பழுத்தால் கருஊதா.

காட்டுக்குள் பறிக்க வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். அதனால் தெரிந்தவர் தோட்டத்து வேலியில் இருந்த புதர்களிலேயே பறித்தோம். பறித்தது சுலபம், காய வைத்ததுதான் பாடு. நிழலில் உலர்த்தணும் என்று புத்தகம் சொல்கிறது. எழுதியவர் ஜூலையில் கோத்தகிரியில் இருந்திருக்க மாட்டார். ஐந்தாம் நாள் தட்டு முழுக்கப் பூஞ்சணம். அடுத்த தடவை பையோடு பஸ் ஏறி மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டுக்குப் போய், பழத்தைக் கீறி, ஃபேனுக்கு அடியில் பரப்பினேன். அங்கே இரண்டு நாளில் சுருங்க ஆரம்பித்துவிட்டது.

பொடித்து மெத்தனாலில் மூன்று நாள் ஊற வைத்து, வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் (காற்றழுத்தத்தைக் குறைத்து, லேசான சூட்டிலேயே ஆவியாக்கும் மிஷின்) 40 டிகிரியில் மெத்தனாலை இழுத்து எடுத்தேன். மிஞ்சியது ஜாம் மாதிரி பிசுபிசுவென்று ஒன்று. அவ்வளவும் சர்க்கரை என்று அப்போது தோன்றவில்லை.

பிறகு டி.பி.பி.எச். சோதனை, சாற்றின் ஆன்டிஆக்சிடன்ட் சக்தியைப் பார்ப்பது. செய்யாதவர்களுக்கு: அது ஒரு ஊதா நிறக் கரைசல், ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு நிற்கும் மூலக்கூறு. நம் சாறு அதற்கு ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். அரை மணி நேரம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு வெளுத்தது என்று ஸ்பெக்ட்ரோவில் (கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் மிஷின்) பார்ப்போம். வெளுக்க வெளுக்க ரீடிங் இறங்கும். பாதி வெளுக்க எவ்வளவு சாறு வேண்டும் என்பதுதான் ஐசி50. எண் குறையக் குறைய சாற்றுக்குச் சக்தி அதிகம்.

என் விஷயத்தில் தலைகீழ். குறைந்த அளவுகளில் ஒழுங்காக வெளுத்தது. சாற்றைக் கூட்டக் கூட்ட ரீடிங் இறங்குவதற்குப் பதில் ஏறியது! சாம்பிள் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டி இரண்டு வாரம் திரும்பத் திரும்பச் செய்தேன். நடுவில் மழைக்குக் கரண்ட் வேறு போய்ப் போய் வரும். மிஷின் விளக்கு சூடாகிற வரை காத்திருப்பதற்குள் அரை மணி ஒரு மணி ஆகி, அந்த வரிசையே குப்பைக்குப் போகும்.

ஒருநாள் அசதியில் ஒரு டியூபில் டி.பி.பி.எச். ஊற்றவே மறந்துவிட்டேன். வெறும் மெத்தனாலும் சாறும்தான். அதை வைத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரணும். நன்றாகவே ரீடிங் காட்டியது. அப்புறம்தான் உறைத்தது. இந்தப் பழத்தின் ஊதா ஆந்தோசயனின் என்ற நிறமி, அது ஒளியை உறிஞ்சுவதும் 520-ஐ ஒட்டித்தான். டி.பி.பி.எச். வெளுத்தாலும் பழத்தின் நிறம் அதே இடத்தில் நிற்கிறது, மிஷினுக்கு எது எதுவென்று தெரியாது. நாக்கில் ஒட்டி என்னைக் காட்டிக்கொடுத்த அதே நிறம். அதற்கப்புறம் ஒவ்வொரு அளவுக்கும் ஜோடியாக டி.பி.பி.எச். இல்லாத ஒரு டியூப் வைத்து அந்த ரீடிங்கைக் கழித்தேன். கோடு நேரானது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது?

ஊட்டி தைலக்காரர் மகன்:

அக்கா, எனக்கு நேர் எதிர், நிறமே இல்லாத சரக்கு. எங்கப்பாவுக்கு யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிற கொட்டகை. அண்டாவில் இலையை அமுக்கி, ஆவியைக் குளிர்ந்த தண்ணீர் வழியாக விட்டு எடுப்பது. அந்தத் தைலத்தைக் காலேஜுக்குக் கொண்டுபோய் டி.பி.பி.எச்.சில் விட்டேன். ஊதா கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. லேபே மணக்கிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற வாசனைப் பொருள், அதில் ஹைட்ரஜனைத் தூக்கிக் கொடுக்கிற ஃபீனால் ஹைட்ராக்சில் கிடையாது என்று மேடம் விளக்கினார். வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா கேட்டார்: "உன் மிஷினுக்குச் சளி பிடிச்சிருக்கா? மூக்கு அடைச்சிருந்தா எங்கே தெரியும்!"

அதே மரத்து இலையை மெத்தனாலில் ஊற வைத்து எடுத்த சாறு நன்றாக வெளுத்தது. டானின் மாதிரி ஃபீனால் சரக்கெல்லாம் இலையிலேயே தங்கிவிடும், தைலத்தோடு ஏறி வராது.

கொடைக்கானல் பூண்டி:

நம்ம ஊர் மலைப்பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது, அந்தப் பெருமையில்தான் எடுத்தேன். தோலுரித்த பல்லை முழுசாகக் கொதிக்கிற ஆல்கஹாலில் போட்டேன். பாட்டிலில் "அல்லிசின் சாறு" என்று லேபிள் வேறு ஒட்டியாச்சு (நசுக்கிய பூண்டின் காரமான வாசத்துக்குக் காரணம் அந்த அல்லிசின்தான்). மூடியைத் திறந்த சீனியர் மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதில் பூண்டு போட்டியா இல்லையா?" என்றார்.

பூண்டுப் பல்லுக்குள் அல்லிசின் தயாராக இருக்காது. நசுக்கும்போதுதான் பல்லில் இருக்கிற அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் சேர்ந்து அது உண்டாகும். நான் முதலிலேயே சூட்டில் நொதியைக் கொன்றுவிட்டேன். பச்சையாக நசுக்கி, பத்து நிமிஷம் விட்டு, பிறகு ஆல்கஹால் சேர்த்தபோது மூன்றாவது ரூம் வரை வாசம். அந்த வாரம் யாரும் என் பக்கத்தில் டிபன் சாப்பிடவில்லை.

குன்னூர் ரயில்:

கோத்தகிரி அக்காவுக்கு ஒரு கேள்வி. சாற்றில் மொத்த ஃபீனால் எவ்வளவு என்று அளக்கும் ஃபோலின் சோதனையும் போட்டீர்களா? எவ்வளவு வந்தது என்று கேட்கவில்லை, அந்த எண்ணை நம்பினீர்களா?

கோத்தகிரிக்காரி:

நல்லா கேட்டீங்க தம்பி. போட்டேன். காலிக் அமிலத்தை ஒப்பீட்டுக்கு வைத்து 765 நானோமீட்டரில். அழகான எண் வந்தது, அழகுதான் பயமாக இருந்தது. ஃபோலின் மருந்து ஃபீனாலோடு மட்டும் சண்டை போடாது. வைட்டமின் சி-யோடும், சில சர்க்கரைகளோடும் போடும். என் சாறோ ஜாம். சி18 குழாயில் (ஃபீனாலைப் பிடித்துக்கொண்டு சர்க்கரையை விட்டுவிடும் வடிகட்டிக் குழாய்) ஏற்றி, தண்ணீர் விட்டு சர்க்கரையைக் கழுவி, பிறகு மெத்தனாலில் இறக்கி மறுபடி அளந்தேன். எண் இறங்கியது. ரிப்போர்ட்டில் இரண்டையும் எழுதினேன். கைடுக்கு முதல் எண்தான் பிடித்திருந்தது, அது வேறு கதை.

பூண்டித் தம்பி, லேபிளை முதலில் ஒட்டுகிற வியாதி எனக்கும் உண்டு.

இந்த வருஷம் விதையைத் தனியாக எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பைசியட்டனால் என்ற ஃபீனால் அங்கேதான் அதிகமாம். ஆனால் அந்த வேலியை வெட்டிக் கம்பி போட்டுவிட்டார்கள். கட்டபெட்டு பக்கம் யார் தோட்டத்திலாவது தவிட்டுப்புதர் நின்றால் சொல்லுங்கள், கால் கிலோ போதும். வழியில் தின்பதற்குச் சேர்த்து அரை கிலோ.