காற்றுச் சுரங்கமா, காற்றுக்காலா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வானிலைக் கருவிகளைச் செயற்கைக் காற்றில் நிறுத்திச் சரிபார்க்கும் ஆய்வுக்கூட அமைப்புக்குக் (wind tunnel) ‘காற்றுச் சுரங்கம்’ என்ற சொல்லே போதும் என்னும் கருத்து இங்கே வலுத்து வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘காற்றுக்கால்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

சுரங்கம் என்றதும் நினைவுக்கு வருவது நிலத்தடிக் குடைவு. அதன் வழியே ஆளோ வண்டியோ போக வேண்டும், உள்ளே இருக்கும் காற்று ஒரு பொருட்டல்ல. நாம் பெயரிட முனையும் அமைப்பிலோ கருவி அசையாமல் நிற்கிறது, காற்றுதான் பாய்கிறது. விசிறியால் உண்டாகும் ஓட்டத்தைத் தேன்கூட்டுக் கண்ணறைகள் நேர்ப்படுத்துகின்றன, நுண்வலைகள் அதன் கொந்தளிப்பைத் தணிக்கின்றன, ஒடுங்கிச் செல்லும் வாய் அதை விரைவுபடுத்திச் சீரான வேகத்தில் சோதனைப் பகுதிக்குள் விடுகிறது. சோதனைப் பகுதிக்குச் சுவரே இல்லாத வகையும் உண்டு. அதையும் சுரங்கம் என்றே சொல்லப் போகிறோமா?

வற்றாத ஆறு இல்லாத எங்கள் செட்டிநாட்டில், ஊருணிக்கும் கண்மாய்க்கும் மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வழிக்கு ‘வரத்துக்கால்’ என்று பெயர். வாய்க்காலில் உள்ளதும் அதே கால்தான். ஓட்டத்தை ஒரு வழிப்படுத்திக் கொண்டுசெல்வது என்பதே அதன் உயிர்ப்பொருள். மேலே மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை அது பொருட்படுத்துவதில்லை. போதாததற்குக் ‘கால்’ என்பதே காற்றுக்கு உரிய பழம்பெயர்களில் ஒன்று.

ஓட்டத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 1846இல் அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தைச் சேர்ந்த ராபின்சன், சுழலும் அரைக்கோளக் கிண்ணங்களைக் கொண்ட காற்றுவேகமானியை உருவாக்கியபோது, கிண்ணங்களின் வேகம் காற்றின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றும், கிண்ணத்தின் அளவோ அதைத் தாங்கும் கையின் நீளமோ அதை மாற்றாது என்றும் கருதினார். பின்வந்த சோதனைகள் அதை மறுத்தன; அந்த விகிதம் கருவிக்குக் கருவி மாறும். ஆகவே ஒவ்வொரு கருவியையும் வேகம் தெரிந்த காற்றில் நிறுத்தி ஒப்பிட்டே ஆக வேண்டும். காற்றாலைத் துறையில் இந்த ஒப்பீட்டை விநாடிக்கு 4 முதல் 16 மீட்டர் வரையான வேகங்களில் செய்வது வழக்கம். காற்றின் அழுத்தத்தைக் கொண்டு அதன் வேகத்தை அறிய உதவும் பிட்டோ குழாய் இந்த ஒப்பீட்டுக்குப் பயன்படுகிறது. அது காட்டும் அழுத்த வேறுபாடு, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 60 பாஸ்கல். 1 மீட்டர் வேகத்தில் 0.6 பாஸ்கல்தான். மெல்லிய காற்றை அளப்பதற்கு வேறு முறைகளை நாட வேண்டியிருப்பது இதனால்தான். இத்தனை பாடும் ஓட்டத்துக்காகவே படுவதாக இருக்க, பெயர் மட்டும் குடைவைச் சொல்வானேன்?

சிலப்பதிகாரத்தில் வரும் ‘சுருங்கை’யை ஒருவர் பரிந்துரைத்திருந்தார். அழகான சொல்தான், ஆனால் அதுவும் மறைவழியையே சுட்டுவதால், சுரங்கத்துக்கு உள்ள குறை அதற்கும் உண்டு.

காற்று பாயும் வழியின் குறுக்குப்பரப்பில் கருவி மறைக்கும் பங்கைக் குறிக்கும் ‘அடைப்பு விகிதம்’ என்ற சொல்லையும் மாற்றலாம் என்பேன். கருவி தன் உடலால் வழியின் ஒரு பங்கை மறைக்கும்போது, காற்று நின்றுவிடுவதில்லை. ஒதுங்கி, அதன் பக்கங்களில் இன்னும் விரைவாகப் பாய்கிறது. அடைப்பு என்றால் சாக்கடை அடைத்துக்கொண்டது போல ஒலிக்கிறது. ‘மறிப்பு விகிதம்’ பொருந்தும்.

என் சொல்லுக்கு எதிராக எழுந்தவற்றுள் ஒரு மறுப்பு வலுவானது. ‘காற்றுக்காலில்’ என்று வேகமாகச் சொன்னால் ஆடி மாதத்துக் ‘காற்றுக்காலத்தில்’ என்று கேட்கக்கூடும். வானிலை பற்றிய கட்டுரையிலேயே இரண்டும் அடுத்தடுத்து வர வாய்ப்புண்டு. அதனால் ‘வளிக்கால்’ என்று வைத்துக்கொள்வோம் என்றால் எனக்குத் தடையில்லை. வளிமண்டலம் பாடநூல் வழியாகப் பழகிய சொல் என்பதால், மாணவர்களுக்கு இது அயலாகத் தோன்றாது. கலைச்சொல் பட்டியலில் ‘வளிக்கால்’ என்பதை முதன்மைச் சொல்லாக இட்டு, ‘காற்றுச் சுரங்கம்’ என்பதை அதன் அருகே வழக்குச் சொல்லாகக் காட்டலாம்.