புதுப்பிப்பு: பெயர் மாற்றிக்கொண்ட கல்லூரித் தோழியைக் கண்டுபிடித்துவிட்டேன்

1983-இல் திருச்சியில் என்னுடன் தாவரவியல் இளங்கலை முடித்து, பின்னர் பெயரை மாற்றிக்கொண்டதால் தொடர்பு விட்டுப்போன தோழியைத் தேட வழி கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முன்னாள் மாணவர் சங்கப் பதிவேட்டிலும் முகநூலிலும் பழைய பெயரில் எதுவும் கிடைக்கவில்லை. பலன் தந்தது, தமிழ்நாடு அரசிதழைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். பெயர் மாற்ற அறிவிக்கையில் பழைய பெயர், புதிய பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சேர்ந்தே அச்சாகியிருந்ததால், அதே பெயருடைய பலருக்கு நடுவே அவரை ஐயமின்றி அடையாளம் காண முடிந்தது. பெயர் மாறிய ஆண்டு தோராயமாகத் தெரிந்திருந்தால் தேடல் வெகுவாகச் சுருங்கும். அந்த முகவரிக்குக் கடிதம் எழுதி, அவருடைய விருப்பத்தை அறிந்த பிறகே தொலைபேசியில் பேசினேன். தேடுவோர் இந்த ஒழுங்கைத் தவறாமல் பின்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. வகுப்பில் செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டும் வேலையில் எங்கள் எல்லோரையும்விடப் பொறுமையானவராக இருந்த அவர், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில், மெட்ராஸ் ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரத் தொகுப்பைப் பராமரிக்கும் பணியிலேயே ஓய்வு பெற்றிருக்கிறார். மேலும் சில வகுப்புத் தோழர்களின் முகவரிகளும் அவரிடம் இருக்கின்றன. அவர்களுக்கும் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டோம்.