மறு: காக்டெய்லுக்குக் கலைச்சொல்: ‘கலப்பு மது’ அல்ல, ‘விரவல்’

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மதுவோடு பழச்சாறு, பாகு போன்றவற்றைச் சேர்த்துச் செய்யும் பானமான காக்டெய்லுக்குத் தமிழ்ச்சொல் கேட்டுச் சென்ற வாரம் நான் எழுதிய மடலுக்கு இத்தனை பேர் மறுமொழி எழுதியது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ‘கலப்பு மது’, ‘மதுக்கலவை’, ‘போலி மது’ ஆகிய மூன்று சொற்களையும் முன்வைத்து விரிவாக எழுதிய ஐயா அவர்களுக்குத் தனியே நன்றி சொல்கிறேன். வயதிலும் படிப்பிலும் என்னைவிட மூத்தவர் என்பதால் அவரோடு மாறுபடத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல் நிலைக்க வேண்டும் என்ற அக்கறை இருவருக்கும் ஒன்றே என்பதால் எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்தது என்பதை முந்தைய மடலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு ஏற்காட்டில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே காப்பிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிக் கிடக்கும். மார்கழிப் பனி சாயங்காலம் நான்கு மணிக்கே ஏரியின் மேல் இறங்கிவிடும். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறிப் போய், டிசம்பர் 24ஆம் நாள் இரவு எல்லோரும் சேர்ந்து விருந்து சமைப்பது எங்கள் வழக்கம். சென்ற ஆண்டு மாமா இரண்டு கண்ணாடிச் செம்புகளில் பானம் கலந்து வைத்தார். இரண்டிலும் கமலா ஆரஞ்சுச் சாறு, வெல்லப்பாகு, இஞ்சி, எலுமிச்சை. இரண்டாவதில் மட்டும் ரம் சேர்த்திருந்தார். அட்டையில் பெயர் எழுதும் வேலை என்னுடையது. சரியான சொல் கிடைக்காததால் ‘ஆரஞ்சுக் கலவை 1’, ‘ஆரஞ்சுக் கலவை 2’ என்று எழுதி ஒட்டினேன். அக்காவின் மாமியார் இரண்டாவது செம்பிலிருந்து ஏழு வயதுப் பேரனுக்கு ஒரு டம்ளர் ஊற்றி, அவன் வாயருகே கொண்டுபோன பிறகுதான் வாடை தெரிந்து கையை இழுத்துக்கொண்டார். அந்த முதிய அம்மாவின் முகம் வெளுத்துப் போனதை என்னால் மறக்க முடியவில்லை. பெயர் சரியாக இருந்திருந்தால் அவருக்கு அந்தக் கலக்கம் நேர்ந்திருக்காது.

ஆகவே, நான் தேடும் சொல் ஒரு வேலையைச் செய்தாக வேண்டும்: மது சேர்ந்ததையும் சேராததையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துக் காட்ட வேண்டும். இந்த உரைகல்லில்தான் ஐயா தந்த சொற்களை உரைத்துப் பார்க்கிறேன்.

> ‘கலப்பு மது’ எளிய சொல், யாருக்கும் விளங்கும்.

விளங்கும் என்பது உண்மைதான், ஐயா. ஆனால் எப்படி விளங்கும்? ‘கலப்பு’ என்ற சொல்லை மதுவின் பக்கத்தில் வைத்தால் எங்கள் பகுதியில் முதலில் நினைவுக்கு வருவது ‘கலப்படம்’. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிகிச்சைக்குச் சேலம் அரசு மருத்துவமனைக்கும் பலரைக் கொண்டுவந்தார்கள். அந்த நாள்களில் செய்தித்தாளில் நாங்கள் படித்த ‘கலந்த’ என்ற சொல்லை விருந்து மேசையின் மேல் எழுதி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

> ‘மதுக்கலவை’ என்றால் கலப்படப் பொருள் வராது.

வராது, ஒப்புக்கொள்கிறேன். வந்த சொற்களுள் ‘கலவை’ ஒன்றுதான் உண்மையான போட்டியாளர். கலவைச் சாதம் என்று நாள்தோறும் சொல்கிறோம், அதில் குறை ஒன்றும் காண்பதில்லை. இருந்தாலும் கலைச்சொல்லாக அது ஏற்கெனவே பணியில் இருக்கிறது. பள்ளி அறிவியல் பாடநூலில் ‘சேர்மம்’ ஒரு பொருள், ‘கலவை’ வேறொரு பொருள். கொத்தனார் ‘கலவை’ என்றால் சிமெண்டும் மணலும். ஒரு துறையில் வேர் பிடித்துவிட்ட சொல்லை இன்னொரு துறைக்கும் இழுத்தால், அடைமொழி இல்லாமல் அது தனியே நிற்க முடியாமல் போகிறது. எனக்கு வேண்டியது தனியே நிற்கக்கூடிய சொல்.

> மாக்டெய்லைப் ‘போலி மது’ எனலாம்.

இதைத்தான் நான் மிகுதியும் மறுக்கிறேன். மாக்டெய்ல் என்பது மது சேர்க்காத காக்டெய்ல். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே ‘பாவனை’ என்ற பொருளில் பிறந்தது. அங்கே மதுப்பானம் மூலம், மதுவில்லாதது அதன் நகல். நம் வீடுகளில் நிலைமை தலைகீழ். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் சேர்த்துப் பானகம் கரைப்பவர்கள் எதன் போலியையும் செய்யவில்லை. இனிப்பு, புளிப்பு, காரம், மணம் நான்கையும் அளவறிந்து ஒரு செம்புக்குள் இணக்குவது நமக்குப் பழக்கமான கலை. அதில் மதுவைச் சேர்ப்பவர் சேர்க்கட்டும். எனவே, அடிச்சொல் மதுவில்லாத பானத்துக்கு உரியதாகவும், மது சேர்ந்ததற்கு முன்னொட்டு வருவதாகவும் அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குப் புறநானூற்றின் 24ஆம் பாட்டு எனக்குக் கை கொடுக்கிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடிய அந்தப் பாட்டில், பரதவர் ‘வெப்புடைய மட்டு’ (கள்) உண்டு குரவை ஆடுகிறார்கள். பிறகு மகளிர் வருகிறார்கள்; அவர்கள் பருகுவது வேறு. பனை நுங்கின் நீர், கரும்பின் தீஞ்சாறு, தென்னையின் இளநீர் என்ற மூன்றையும் ‘உடன் விராஅய்’, அந்த முந்நீரை உண்டு, முந்நீராகிய கடலில் பாய்கிறார்கள். மட்டு ஒரு பக்கம், மூன்று நீரும் சேர்ந்த பானம் மறு பக்கம் என்று ஒரே பாட்டில் இரண்டும் தனித்தனியே நிற்பதையும், மூன்று நீரைச் சேர்க்கும் செயலுக்குப் புலவர் ‘விரவுதல்’ என்ற வினையைக் கொண்டதையும் கவனிக்க வேண்டுகிறேன். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உள்ள பாட்டில் இவ்வளவு துல்லியமாக ஒரு சொல் கிடைக்கும்போது நாம் வேறெங்கே போய்த் தேடுவது?

ஆகவே ‘விரவல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மது சேராதது விரவல். மது சேர்ந்தது மதுவிரவல். மதுவிரவலில் ‘மது’ முன்னால் வந்து நிற்பதால், அட்டையைப் பாதி படிக்கும்போதே பெரியவர்களின் கை நின்றுவிடும்.

‘விரவுதல்’ வழக்கொழிந்த சொல் என்று சிலர் நினைக்கக்கூடும். வார இதழ்களின் சமையல் பக்கத்தைப் பாருங்கள். ‘மீன் துண்டுகளில் மசாலா விரவி அரை மணி நேரம் ஊறவிடவும்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். இலக்கணம் படித்தவர்களுக்கோ, உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயரை ‘விரவுப்பெயர்’ என்பது தெரியும். இச்சொல்லின் இன்னொரு நன்மை, அது எளிதாகக் கிளை விடுகிறது: ஓட்டுநர், நடத்துநர் போலப் பானம் சேர்ப்பவர் விரவுநர், அந்தக் கலை விரவற்கலை. கலைச்சொல்லுக்கு இந்தக் கிளைக்கும் ஆற்றல் இன்றியமையாதது.

இனி, அம்மையார் ஒருவர் கேட்ட துணைச்சொற்களுக்கு வருகிறேன்.

பஞ்ச் என்ற பானத்துக்கு ‘ஐவிரவல்’ பொருந்தும் என்று தோன்றுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்காரர்களும் வணிகர்களும் இந்தியக் கரையில் பழகிக்கொண்ட பானம் அது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், மணப்பொருள் என்ற ஐந்தும் சேர்வதால், ஐந்து என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நண்பர் ஒருவர் ‘பஞ்சாமிர்தம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். பழனி மலையில் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஒன்றின் பெயரை இதற்கு வைப்பது தகாது.

சிறப்பு கவனம் வேண்டுவது, குளிர்காலத்தில் ஐரோப்பியர் பருகும் சூடான மணப்பொருள் ஒயினுக்கான சொல். ‘கொதி மது’, ‘மதுக் கஷாயம்’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்தன. இரண்டும் செய்முறையைத் தவறாகக் கற்பிக்கின்றன. எத்தனால் ஏறத்தாழ 78 பாகை செல்சியசிலேயே கொதிக்கத் தொடங்கும். ஒயினைக் கொதிக்கவிட்டால் மணமும் மதுவும் ஆவியாகப் போய், கிராம்பின் கசப்பு மட்டும் பாத்திரத்தில் மிஞ்சும். கஷாயமோ சுண்டக் காய்ச்சினால்தான் கஷாயம். இங்கே செய்வது வேறு. அக்கா அடி கனத்த பாத்திரத்தில் ஒயினை ஊற்றி அடுப்பைச் சிறிதாக்கி, பாத்திரத்தின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று தோன்றியதும் இறக்கிவிடுவார். கரண்டியால் துழாவும்போது ஆரஞ்சுத் தோலின் மணம் எழும்பும், ஆனால் மேற்பரப்பு அசையாது. இதற்கு ‘வெதுப்புதல்’ என்ற நம் வினை அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. எனவே ‘வெதுப்பு மது’ என்கிறேன். ஈழத்தில் வெதுப்பகம் என்றால் பேக்கரி என்பதை அறிவேன். அடுமனையும் குவளையும் குழம்ப வாய்ப்பில்லை.

பிற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். சிரப்புக்குப் புதுச்சொல் வேண்டவே வேண்டாம். ‘பாகு’ இருக்கிறது, அதிலும் கம்பிப்பாகு, உருட்டுப்பாகு என்று பதம் பிரித்துச் சொல்ல நமக்குத் தெரியும். சர்க்கரையும் நீரும் சம அளவில் கரைத்ததை ‘நீர்ப்பாகு’ எனலாம். பானத்தை மூடிக் குலுக்கும் குவளையான ஷேக்கர் ‘குலுக்கி’, குலுக்குவதும் துழாவுவதும் வேறு வேறு செயல்கள் என்பதால் இரண்டையும் ‘கலக்குதல்’ என்று ஒன்றாக்கிவிடக் கூடாது. முட்டையும் பாலும் சர்க்கரையும் அடித்துச் செய்யும் எக்நாக் ‘முட்டைப்பால்’. பட்டை, வேர் போன்றவற்றை மதுவில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறான பிட்டர்ஸுக்குக் ‘கைப்புத்துளி’ என்பேன். 1806ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து இதழ் ஒன்று, காக்டெய்ல் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்குச் சாராயம், சர்க்கரை, நீர், கைப்பு என்ற நான்கையும் சொல்லித்தான் விளக்கம் தந்தது; அந்த நான்காவது பொருள் துளிக்கணக்கில் மட்டுமே சேர்வது என்பதால் ‘துளி’யும் சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

ஜிக்கர் என்ற அளவைக் கிண்ணத்துக்குப் ‘பாலாடை’ என்ற பரிந்துரை வந்தது. வடிவம் ஓரளவு ஒத்துப்போகிறது. ஆனால் பாலாடை என்றதும் மடியில் குழந்தையைக் கிடத்திப் பால் புகட்டும் தாயின் கைதான் தெரிகிறது. மதுவை அளக்க அந்தச் சொல்லைத் தர நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். நம் ஊரில் 30 மில்லி சிறிய பெக், 60 மில்லி பெரிய பெக் என்பது எல்லோரும் அறிந்த வழக்கு. கருவிக்கு ‘அளவுக்கிண்ணம்’ போதும்.

சொற்கள் செய்முறைக் குறிப்பில் உட்கார்கின்றனவா என்று பார்க்க, இந்த ஆண்டுக்கு நான் எழுதி வைத்திருப்பதைத் தருகிறேன்:

ஏற்காட்டு விரவல் (நால்வருக்கு): செவ்வாய்ப்பேட்டை மண்டியில் வாங்கிய வெல்லம் 80 கிராமை அதே அளவு நீரில் கரைத்து, கல்லும் மண்ணும் போக வடிகட்டி நீர்ப்பாகு ஆக்கவும். இஞ்சி ஒரு துண்டையும் மிளகு எட்டையும் ஒன்றிரண்டாக நசுக்கிப் பாகில் கால் மணி நேரம் ஊறவிட்டு மீண்டும் வடிக்கவும். கமலா ஆரஞ்சுச் சாறு 400 மில்லி, எலுமிச்சைச் சாறு 40 மில்லி, நீர்ப்பாகு ஆகியவற்றைப் பனிக்கட்டியோடு குலுக்கியில் இரு முறையாக ஊற்றி, குலுக்கியின் வெளிப்புறம் வியர்க்கும்வரை குலுக்கவும். பனிக்கட்டி உருகிச் சேரும் நீரும் அளவில் அடங்கும் என்பதால் தனியே நீர் சேர்க்க வேண்டாம்.

ஏற்காட்டு மதுவிரவல்: மேற்சொன்ன விரவலின் ஒவ்வொரு குவளைக்கும் ரம் 30 மில்லி. 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். இதைத் தனி நிறச் செம்பில், தனி மேசையில் வைக்கவும்.

எழுதும்போது எங்கும் பேனா தயங்கவில்லை என்பதே எனக்குச் சொற்களின் மேல் நம்பிக்கை தருகிறது. அட்டைகளின் மாதிரியை அக்காவின் மாமியாரிடம் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். ‘விரவல்’ என்றதும், “கலந்து வச்சதுதானே கண்ணு?” என்று கேட்டார், ‘மதுவிரவல்’ என்றதும், “அது பெரியவங்களோடது” என்று தாமாகவே சொன்னார்.

குவளை விளிம்பில் செருகும் ஆரஞ்சுத் தோல், புதினாக் கொழுந்து போன்றவற்றுக்கு மட்டும் எனக்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘அலங்காரம்’ பொதுவாக இருக்கிறது. பூச்சூடுதல் என்ற வழக்கை ஒட்டிச் ‘சூட்டு’ எனலாமா என்றால், வெப்பத்தைக் குறிக்கும் சூட்டோடு அது மோதுகிறது, அதிலும் வெதுப்பு மதுவின் பக்கத்தில் வைத்தால் படிப்பவர் தடுமாறிவிடுவார். ஐயா அவர்களும் அம்மையாரும் இதற்கு ஒரு சொல் தந்தால், டிசம்பர் 20க்குள் அட்டைகளை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து