ஸ்விஃப்ட் காருக்கு எடை குறைந்த அலாய் வீல்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி:
என்னிடம் இருப்பது 2019ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. 14 அங்குல இரும்பு ரிம்மும் 165/80 டயரும் கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ளன. வாரந்தோறும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி இறங்குவதால், சக்கரத்தின் எடையைக் குறைக்க அலாய் வீல் தேடுகிறேன். கடைக்காரர் 16 அங்குலம் போடச் சொல்கிறார். அலாய் என்றாலே எடை குறைவுதான் என்றும் உறுதியளிக்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில் 1:
வேண்டாம், ஐயா. மலிவான வார்ப்பு வீல்களில் வலுவுக்காக உலோகத்தைத் தடிமனாக விடுகிறார்கள்; அதோடு அளவும் கூடும்போது அவை உங்கள் இரும்பு ரிம்மைவிடக் கனமாகவே இருக்கக்கூடும். வார்த்த பின் விளிம்பை உருளைகளால் அழுத்தி நீட்டும் ஃப்ளோ ஃபார்மிங் முறையில் அந்த விளிம்பு மெலிந்தும் உறுதியாகவும் அமைகிறது. சுழலும் சக்கரத்தில் நடுப்பகுதியின் எடையைவிட வெளிவிளிம்பின் எடையே வண்டியை அதிகம் இழுத்துப் பிடிக்கும் என்பதால், அங்கே குறைவதுதான் மலையேற்றத்தில் உண்மையான ஆதாயம். உலோகத்தை வார்க்காமல் பேரழுத்தத்தில் அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு வீல் இன்னும் இலகுவானது. ஆனால் அந்த விலை இந்த வண்டிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

15 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேல் மாடலில் வரும் 185/65 ஆர்15 டயருக்கும் உங்கள் டயருக்கும் மொத்த விட்டத்தில் ஏறக்குறைய 2 மி.மீ. மட்டுமே வித்தியாசம். 16 அங்குலத்தில் டயரின் பக்கச்சுவர் குட்டையாகி, பள்ளத்தின் அடி ரிம்மில் இறங்கும். கடைக்கு ஒரு தொங்கு தராசைக் கொண்டுபோய், டயர் ஏற்றாத வீலை மாட்டி நிறுத்துப் பாருங்கள். நிறுக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

பதில் 2:
பொருத்தமும் முக்கியம். ஸ்விஃப்டின் பிசிடி (நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு) 4x100, அதாவது 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நான்கு துளைகள்; நடு ஓட்டை 54.1 மி.மீ. வெளியில் விற்கும் பல வீல்களில் எல்லா வண்டிகளுக்கும் ஆகட்டும் என்று அந்த ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். என் காரில் ஓட்டைக்கும் ஹப்புக்கும் (சக்கரம் உட்காரும் அச்சு முனை) இடையே விழுந்த இடைவெளிக்கு வளையம் போடாமலே மாட்டிவிட்டதால், 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்கியது. மூன்று முறை பேலன்சிங் செய்தும் தீராத நடுக்கம், ஹப் வளையம் போட்ட அன்றே நின்றது. வீலில் பொறித்துள்ள தாங்கு சுமையையும் ஜேடபிள்யூஎல் (அலாய் வீலுக்கான ஜப்பானியத் தர அடையாளம்) முத்திரையையும் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முதலில் ஸ்டெப்னியின் டயரைக் கழற்றி, இரும்பு ரிம்மின் எடையைப் பார்த்து வைக்கிறேன். பிறகு அந்த 14 அங்குலத்தையே ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
விட்டம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பஞ்சர் கடை வரை மெதுவாகச் செல்லலாம். ஆனால் அலாய் வீலுக்குத் தரும் நட்டு இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். பழைய நட்டுகளில் நான்கை ஒரு பையில் கட்டி ஜாக்கியோடு வைத்திருங்கள்.