உயிர் தீர்ந்ததும் ஏன் கை பரபரக்கிறது?

இரவுக்கோழி: பத்து நிமிடம் என்று போனை எடுத்தால் மணி ஒன்றாகிவிடுகிறது. நிறம் சேர்க்கிற விளையாட்டுதான். நேற்று ஒரே ஒரு நகர்த்தல் குறைந்து ஆட்டம் போச்சு, அதுவும் நாலு தடவை. வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்களா?

தட்டச்சன்: பின்னே? கேண்டி க்ரஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 உயிர், அதாவது தோற்கத் தரும் வாய்ப்பு; தீர்ந்த ஒன்று திரும்ப வர 30 நிமிடம். பார்க்கப் பூட்டு மாதிரி இருக்கும், ஆனால் தூண்டிலே அதுதான், சலிப்பதற்குள் நிறுத்திவிடுவதால் ஆசை அப்படியே நிற்கும், அப்புறம் நோட்டிஃபிகேஷன் வந்து கூப்பிடும்.

மொட்டைமாடி: எனக்கு எரிச்சல் விளையாட்டுக்குள் வரும் பரிசுப்பெட்டிதான். எப்போது என்ன விழும் என்று தெரியாத வரை கை நிற்காது; உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் பார்த்த அதே சங்கதி. காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே 2018-ல் பெல்ஜியம் சொல்லிவிட்டது.

கடைசிபெஞ்ச்: ஃபிளாப்பி பேர்ட் என்ற போன் விளையாட்டில் பெட்டியும் இல்லை, காத்திருப்பும் இல்லை. தட்டு, சாவு, உடனே மறுபடி தட்டு. அதற்கே ஜனம் அடிமையாகி, செய்த டோங் நுயெனே 2014 பிப்ரவரியில் அதை ஆப் ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டார்.

இரவுக்கோழி: சரி, நோட்டிஃபிகேஷனை அணைத்தாச்சு. இன்னும் மூன்று உயிர் மிச்சம் இருக்கிறதே, அதை மட்டும்...