வேர்ச்சொல் திண்ணை (குடும்பக் குழு)

மீனா: சொல்மூலக் குறிப்புல, ருமேனிய மொழியில 'ட்ரெப்ட்' (நேர், வலது), 'டிரெக்ட்' (நேரடி) ரெண்டுக்கும் மூலம் லத்தீன் 'டிரெக்டுஸ்' (நேரான)னு எழுதிட்டேன் சித்தப்பா. சரிதானே?

சித்தப்பா: பாதிதான் சரிம்மா. ட்ரெப்ட் பேச்சுவழியா தலைமுறை தலைமுறையா வந்தது. டிரெக்ட் பின்னாடி படிச்சவங்க எடுத்துக்கிட்டது.

மீனா: எதை வச்சுப் பிரிக்கிறது?

முரளி அண்ணா: 'க்ட்'டைப் பாரு. வாயில உருண்டு வந்த சொல்லா இருந்தா அது 'ப்ட்' ஆகியிருக்கும்.
ஓக்டோ (எட்டு) → ஓப்ட்
லாக்டெம் (பால்) → லாப்டே
நோக்டெம் (இரவு) → நுவாப்டே
'க்ட்' தேயாம நின்னா பிற்காலக் கடன். 'நொக்டுர்ன்' (இரவுக்குரிய) அந்த ரகம்.

சித்தப்பா: பழைய ஏடுகள்ல 'டெரெப்ட்'னே இருக்கு. முதல் உயிர் விழுந்து ட்ரெப்ட். நன்னூல் கணக்குல ட்ரெப்ட் தற்பவம் (ஒலி மாறி வந்தது), டிரெக்ட் தற்சமம் (மாறாம வந்தது) மாதிரி.

கவிதா அத்தை: அதோட முடியல. ட்ரெப்ட்னா நேர், வலது, நியாயம், சட்டவியல் எல்லாமே. உருவம் லத்தீன், ஆனா சில பொருள் பிரெஞ்சு 'ட்ருவா'வை (நேர், சட்டம்) பார்த்து ஏறினது. உருவத்துக்கும் பொருளுக்கும் மூலத்தைத் தனித்தனியா எழுது மீனா.

மீனா: டெக்ஸ்ங்கிற ருமேனிய அகராதியில ட்ரெப்ட்டுக்கு 'டின்' இல்லாம 'லத்.' (லத்தீன்), டிரெக்ட்டுக்கு 'டின் பிரெ. (பிரெஞ்சு), லத்.'னு இருக்கே?

முரளி அண்ணா: எல்லாரும் கோட்டை விடுற இடம் அதான் 😀 வெறும் 'லத்.'னா பரம்பரைச் சொல். முன்னாடி 'டின்' (இருந்து) வந்தா கடன். ரெண்டு மொழியும் சேர்ந்து நின்னா எது வழியா வந்ததுன்னு உருவத்தை வச்சுப் பிரிக்க முடியலன்னு அர்த்தம். ருமேனிய மொழியியலாளர் அலெக்சாந்த்ரு கிராவுர் 1950ல இதைப் 'பல்மூலம்'னு விளக்கினார்.

சித்தப்பா: பிரெஞ்சு உச்சரிப்பு காதுல விழுந்தா சந்தேகமே வேண்டாம். 'பிரோவ்' (அலுவலகம்) பிரெஞ்சு 'பியூரோ'. அதுக்கும் பின்னாடி லத்தீன் 'புர்ரா', முரட்டுக் கம்பளி. மேசையில விரிச்ச துணி மேசையாகி, மேசை அலுவலகமாச்சு. ஆனா புர்ராவை ருமேனியச் சொல்லுக்கு மூலமா போடாதே. அது பிரெஞ்சுக்குள்ள நடந்த கதை.

கவிதா அத்தை: நம்ம வீட்டு பீரோவும் அதே பியூரோதான். அங்க ஆபீஸ், இங்க புடவை 😂

மீனா: இப்ப பாருங்க.
ட்ரெப்ட்: லத். டிரெக்டுஸ், சில பொருள் பிரெ. ட்ருவாவை ஒட்டி.
டிரெக்ட்: பிரெ. டிரெக்ட், லத். டிரெக்டுஸ் ஆகியவற்றிலிருந்து.

முரளி அண்ணா: 'இருந்து' ரெண்டாவதுல மட்டும் இருக்கு. சரியா இருக்கு 👍